அசல் ஏழைக்காகக் காத்திருந்த கட்டில்

பொன்னை உரசிப் பார்ப்பவரை உங்களுக்குத் தெரியும். மாட்டின் வாயைப் பிளந்து பல்லை எண்ணி வயது சொல்பவரையும் தெரியும். ஏழையை உரசிப் பார்ப்பவர் என்று ஒரு வகை மனிதர் உண்டு. இன்றைக்கு அவரைப் பார்த்துவிட்டு வருவோம்.

இந்த இனம் நம் கொடைக்கானல் மலையில் மட்டும் விளைவது என்று நினைத்துவிடாதீர்கள். ரங்கூன் துறைமுகத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும். மண்டபம் முகாமில் கொட்டகை வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். பினாங்கில் வெள்ளைக் கோட்டு மாட்டியிருக்கும். எங்கே ஒருவர் இன்னொருவருக்கு எதையாவது சும்மா கொடுக்க நினைக்கிறாரோ, அங்கே இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு நாற்காலி தானாக முளைக்கும். நாற்காலி முளைத்த மறுகணம் இவர் அதில் உட்கார்ந்திருப்பார்.

அடையாளம் காண்பது சுலபம். ஏழை ஒருவர் வந்து நின்றால் நீங்கள் முகத்தைப் பார்ப்பீர்கள். இவர் பாதத்தைப் பார்ப்பார். பாதத்தில் வெடிப்பு போதுமா, வெடிப்புக்குள் மண் போதுமா, அது நேற்றைய மண்ணா, ஆஸ்பத்திரி வாசலில் பூசிக்கொண்ட மண்ணா என்று தீர விசாரித்த பிறகு காதுக்கு வருவார். காதில் ஓலைச்சுருள் இருந்தால் சரி, கல் மின்னினால் ஒரு கோடு. காதை முடித்துத் தலைக்கு வருவார், எண்ணெய் பளபளத்தால் இன்னொரு கோடு. முகத்துக்கு வந்து சேர்வதற்குள் பன்னிரண்டு மணி அடித்துவிடும்.

அப்புறம் கேள்வி. "காலையில் என்ன சாப்பிட்டாய்?" கஞ்சி குடித்தேன் என்றால், கஞ்சி இருக்கிற வீட்டுக்குத் தர்மம் எதற்கு? ஒன்றும் சாப்பிடவில்லை என்றால், சாப்பிடாதவளுக்கு இத்தனை மேடு ஏறி வரத் தெம்பு எங்கிருந்து வந்தது? குளித்துவிட்டு வந்தால் வசதி. குளிக்காமல் வந்தால் சோம்பல். அழுதால் நடிப்பு, அழாவிட்டால் திமிர். பிள்ளைகள் ஆறு என்றால் ஆறு பேர் சம்பாதிப்பார்களே. பிள்ளையே இல்லை என்றால் செலவே இல்லையே. இப்படி எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர் இருக்கிற வீடு ஒன்றைக் கட்டி, அதற்குத் தர்மம் என்று பெயர் வைத்துவிட்டு, சாயங்காலம் திருப்தியாகக் காப்பி குடிப்பார்.

நம் கைக்கு அகப்பட்ட உதாரணம் குமாரவேல். பழனி அடிவாரத்தில் யாத்திரைக்காரர்களுக்கு ஜாகை பேசிக் கொடுக்கிற குடும்பத்தில் பிறந்தவர். வண்டியிலிருந்து இறங்குகிறவனின் மூட்டை முடிச்சைப் பார்த்தே இவன் தனி அறைக்காரன், இவன் தாழ்வாரத்துக்காரன், இவன் மரத்தடிக்காரன் என்று ஏழு வயதிலேயே பிரித்தவர். அந்த ஞானத்தோடு கொடைக்கானலுக்கு ஏறி வந்து, இரண்டு பங்களாக்களை வாங்கி வாடகைக்கு விட்டு, சும்மா இருக்க முடியாமல் தவித்தபோது, ஊர்ப் பெரிய மனிதர்கள் சேர்ந்து நடத்திய தர்ம ஆஸ்பத்திரியில் ஒரு வேலை கிடைத்தது. இலவசக் கட்டில் கேட்டு வருகிறவர் அசல் ஏழைதானா என்று பார்த்துச் சீட்டு எழுதும் வேலை. சம்பளம் கிடையாது. அதனால்தான் அத்தனை சிரத்தை.

ஆஸ்பத்திரியில் இலவசக் கட்டில் நான்கு. அவற்றில் இரண்டு கட்டில்கள் மூன்று வருஷமாகக் காலி. விரிப்புக்கூடக் கசங்கவில்லை. டாக்டர் தமயந்தி கேட்டால் குமாரவேல் பொறுமையாக விளக்குவார்: "அம்மா, இவர்களையெல்லாம் படுக்க வைத்துவிட்டு, நாளைக்கு அசல் ஏழை ஒருவன் வந்து நின்றால் அவனை எங்கே படுக்க வைப்பீர்கள்?"

அந்த அசல் ஏழையை அவர் கனவில் பலமுறை பார்த்திருக்கிறார். எலும்பும் தோலுமாக, ஆனால் பார்க்க அருவருப்பில்லாமல், கந்தையைத் துவைத்துக் கட்டி, ஆனால் சோப்புப் போடாமல், கண்ணில் நீர் நிறைந்து, ஆனால் கீழே சிந்தாமல் அவன் வாசலில் நிற்பான். மூன்று வருஷமாக அவன் வந்தபாடில்லை.

மற்ற இரண்டு கட்டில்களில் ஆட்கள் இருந்தார்களே, அவர்கள் யார்? ஒருத்தி காப்பித் தோட்டத்துக் கங்காணியின் தாயார். இன்னொருவர் வத்தலக்குண்டில் நெல் மண்டி வைத்திருப்பவர். இவர்கள் எப்படிக் குமாரவேலின் கண்ணில் தேறினார்கள் என்று தெரிய வேண்டுமானால் பஜாரில் ஆமினாவைக் கேட்க வேண்டும். ஆமினாவும் அவள் புருஷன் யாகூப்பும் கம்பளிக் கடை வைத்திருந்தார்கள். கடையின் பின்னால், ஆணியில், விற்பனைக்கு இல்லாத ஒரு கம்பளி தொங்கும். அதற்கு ஓட்டை மூன்று. இரண்டு பூச்சி அரித்தது. மூன்றாவதை ஆமினா கத்தரிக்கோலால் செய்தாள். வெள்ளிக்கிழமை தோறும், அதாவது குமாரவேல் விசாரணைக்கு உட்காரும் நாள்தோறும், அது வாடகைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வீடு திரும்பும். பஜாரில் அதற்கு ஆஸ்பத்திரிக் கம்பளி என்று பெயர். குமாரவேல் ஒருவருக்குத்தான் தெரியாது. அதே கம்பளியைப் பதினெட்டு முறை பார்த்துப் பதினெட்டு முறை மனம் இளகியவர் அவர்.

இந்த நிலையில் மலையின் மறுகோடியில் இருக்கிற போளூர்க் கிராமத்திலிருந்து பாப்பம்மாள் வந்தாள்.

அவள் புருஷன் ராமர் கூலிக்கு உருளைக்கிழங்குக் காட்டில் மண் அணைத்துக்கொண்டிருந்தபோது வரப்புக் கல் சரிந்து முழங்காலுக்குக் கீழே விழுந்தது. ஊரில் கட்டிய கட்டு உள்ளுக்குள்ளேயே சீழ் பிடித்தது. நாலு பேர் டோலி கட்டித் தூக்கி வந்து, ஆமினாவின் கடைக்குப் பின்னால் கம்பளி மூட்டைகளின் நடுவே கிடத்தியிருந்தார்கள். டாக்டர் தமயந்தி அங்கேயே வந்து பார்த்துப் புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டுச் சொன்னாள்: "அடுத்த வெள்ளிக்குள் உள்ளே சேர்த்து அறுத்துச் சுத்தம் செய்தால் கால் பிழைக்கும். அதற்கு மேலே போனால் காலை எடுக்க வேண்டியதுதான்." சேர்ப்பதற்கு அவளிடம் கட்டில் இருந்தது, கத்தி இருந்தது, கை இருந்தது. குமாரவேலின் சீட்டு மட்டும் இல்லை.

அந்த மலைக்கிராமங்களில் ஒரு வழக்கம். ஊரை விட்டுப் பெரிய இடத்துக்கு ஒருத்தி போகிறாள் என்றால் அவள் தனியாகப் போவதாகக் கணக்கில்லை. ஊரே போவதாகக் கணக்கு. ஆகவே ஊரே உடுத்திவிடும். இல்லாதவளுக்குத்தான் இன்னும் அதிகமாக உடுத்திவிடும். சொந்தச் சேலை இருக்கிறவள் அதையே கட்டிக்கொண்டு போவாள். ஒன்றும் இல்லாதவளோ நாலு வீட்டு நல்லதைப் போட்டுக்கொண்டு போவாள். பாப்பம்மாளிடம் ஒன்றுமே இல்லை. அதனால் ஜொலித்தாள். கந்தம்மாளின் கண்டாங்கிச் சேலை, இருளாயியின் கல் வைத்த தோடு, வேறு யாரோ ஒருத்தியின் வெள்ளிக் காப்பு, தலையில் மூன்று வீட்டு எண்ணெய்.

குமாரவேல் பாதத்தைப் பார்த்தார். வெடிப்பு இருந்தது. நம்பிக்கையோடு மேலே ஏறினார். காதுக்கு வந்ததும் பேனாவை மூடிவிட்டார்.

"தோடு நல்லா இருக்கே தாயி."

"ஆமாங்க," என்றாள் பாப்பம்மாள், சந்தோஷமாக. தோட்டை மெச்சினால் இருளாயிக்குப் பெருமைதானே.

"சேலை?"

"இதுவும் நல்ல சேலைதானுங்க."

"உனக்கு என்ன குறை?"

"எங்க வீட்டுக்காரருக்குக் காலு சீழ் பிடிச்சுக் கெடக்குங்க."

"அதைக் கேக்கலை. ஏழையா நீ?"

பாப்பம்மாள் யோசித்தாள். அவளை யாரும் இதுவரை இப்படிக் கேட்டதில்லை. "எங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தாங்க இருக்கோம்," என்றாள்.

குமாரவேல் பேனாவைத் திறந்து தன் கறுப்பு நோட்டில் எழுதினார்: கல் தோடு, வெள்ளிக் காப்பு, ஊர் முழுவதும் இதே நிலை, செழிப்பான ஊர் போலிருக்கிறது. ஆனால் அவர் அநியாயக்காரர் இல்லை. தீர விசாரிக்காமல் யாரையும் தள்ளியதில்லை. "செவ்வாய்க்கிழமை நேரில் வந்து உன் வீட்டைப் பார்க்கிறேன்," என்றார்.

பாப்பம்மாள் கடைக்கு ஓடி வந்து சொன்னாள். ஆமினா தலையில் அடித்துக்கொண்டு ஆணியிலிருந்து கம்பளியை எடுத்தாள்.

"ஏ புள்ளே, இதைக் கொண்டுபோ. வாடகை வேணாம். அந்தாளு வரும்போது இதைப் போத்திக்கிட்டு மூலையில குந்து. அடுப்பை மூட்டாதே. பேசாதே. இருமு."

"ஐயோ அக்கா, விருந்தாளி வாரப்ப கிழிசலைப் போத்திக்கிட்டு நிப்பாகளா? ஊரு காறித் துப்பாது?"

"விருந்தாளியா? அவரு உன்னைச் சோதிக்க வாராரு."

"ஒண்ணரை நாளு குதிரையில வாராருல்ல. அப்ப விருந்தாளிதான்."

மூட்டைகளுக்கு நடுவிலிருந்து ராமர் குரல் கொடுத்தான். "ஏத்தா, வெரசாப் போய் அரிசிக்குச் சொல்லு. பெரிய மனுசருக்குச் சாமைக்களி போட்டுட்டு மொகத்துல முழிக்க முடியாது."

ஆமினா கம்பளியைத் திரும்ப ஆணியில் மாட்டினாள். "காலு போறது மட்டுமில்லை, புருஷன் பொஞ்சாதி ரெண்டு பேருக்கும் மூளையும் போயிருச்சு," என்று அவள் சொன்னது பாதி வழியில் போய்க்கொண்டிருந்த பாப்பம்மாளுக்குக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை வெள்ளனே மட்டக்குதிரை ஏறிக் கிளம்பிய குமாரவேல், வழியில் தெரிந்தவர் வீட்டில் தங்கி, செவ்வாய்க்கிழமை உச்சிப்பொழுதில் போளூர் போய்ச் சேர்ந்தார். அவர் வருகிறார் என்ற செய்தி மூன்று நாளாக ஊரில் புளித்துப் பொங்கியிருந்தது. பாப்பம்மாளின் ஒற்றை அறை வீட்டுக்குச் சாணி மெழுகிக் கோலம் போட்டார்கள். உட்கார ஒரு கட்டில் வந்தது. கட்டிலுக்கு ஜமக்காளம் வந்தது. கந்தம்மாளின் பித்தளைத் தாம்பாளம் வந்தது. எவர் வீட்டிலிருந்தோ ஓடாத சுவர்க் கடிகாரம் ஒன்று வந்து சுவரில் ஏறியது. வாசல் வெறிச்சென்று இருக்கிறதே என்று யாரோ இரண்டு கறவைப் பசுக்களை ஓட்டி வந்து கட்டினார்கள். அதைப் பார்த்த எதிர்வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை, தன் கன்றுக்குட்டியையும் கொண்டுவந்து கட்டினார். மாமியார் வீட்டுச் சீர் வந்திறங்கியது போல அந்தக் குடிசை திணறியது.

குமாரவேல் குதிரையிலிருந்து இறங்கினார். வெற்றிலைத் தட்டை நீட்டினார்கள். அவர் கையை மார்பில் வைத்து மறுத்தார்.

"ஏழாம் விதி," என்றார். விதிகள் மொத்தம் இருபத்து மூன்று. எல்லாம் அவரே எழுதியவை. "மனு போட்டவர் கையால் வெற்றிலைகூட வாங்கக்கூடாது."

சொல்லி முடித்த வாய்க்கு நேராக உள்ளேயிருந்து கோழிக் குழம்பின் வாசனை வந்தது.

இங்கே நாம் குமாரவேலின் மனத்துக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். அவர் பேராசைக்காரர் இல்லை. இரண்டு நாள் குதிரை முதுகு அவரை அசைத்திருந்தது, அவ்வளவுதான். ஏழாம் விதி வெற்றிலையைப் பற்றித்தானே பேசுகிறது? வெற்றிலை உபசாரம். ஆனால் குழம்பு அப்படியா? ஏழை என்று சொல்லிக்கொள்கிற வீட்டில் கொதிக்கிற குழம்பு ஒரு சாட்சியம். சாட்சியத்தை வாசலில் நின்று மோந்து பார்த்துவிட்டுப் போவது பொறுப்பான விசாரணை ஆகுமா? கடமை அவரைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய் இலை முன் உட்கார வைத்தது.

பாப்பம்மாள் தன் கையாலேயே பரிமாறினாள். நெல்லுச் சோறு. நெய். கோழி. முதல் முறை, இது உண்மையிலேயே கோழிதானா என்று உறுதி செய்தார். இரண்டாம் முறை, இளங்கோழியா முற்றியதா என்று பார்த்தார். மூன்றாம் முறை எதைப் பார்த்தார் என்பது நோட்டில் இல்லை.

"பசு யாருது?" என்று கேட்டார், வாயைத் துடைத்துக்கொண்டே.

பாப்பம்மாள் வாசலைப் பார்த்தாள். பசுக்காரர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். இரவல் வாங்கியதை விருந்தாளி முன்னால் இரவல் என்று சொல்வது கொடுத்தவர் முகத்தில் கரி பூசுவது போல. போளூரில் பச்சைப் பிள்ளைக்கும் இது தெரியும்.

"கெடக்குதுங்க, ஒங்க புண்ணியத்துல," என்றாள்.

"கடிகாரம்?"

"அதுவும் கெடக்குதுங்க."

ஊர் மகிழ்ந்தது. கௌரவம் காப்பாற்றப்பட்டது. குமாரவேலும் மகிழ்ந்தார். உண்மை கண்டுபிடிக்கப்பட்டது. கன்றுக்குட்டி உட்பட எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு குதிரை ஏறினார்.

வெள்ளிக்கிழமை காலை ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கமிட்டி கூடியது. குமாரவேலைத் தவிர இன்னும் மூன்று அங்கத்தினர்கள் உண்டு. அவர்கள் வேலை தலையாட்டுவது. டாக்டர் தமயந்தி ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு நாளாக ராமருக்குக் காய்ச்சல். கத்தியைக் கொதிக்கும் நீரில் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள்.

குமாரவேல் வாசித்தார். "பசு இரண்டு. கன்று ஒன்று. சுவர்க் கடிகாரம் ஒன்று. பித்தளைத் தாம்பாளம். செவ்வாய்க்கிழமை சாதாரணமாகவே கோழியும் நெய்யும் சமைக்கிற குடும்பம். இவர்களுக்கு இலவசக் கட்டில் கொடுத்தால் தர்மதேவதை நம்மை மன்னிக்க மாட்டாள்."

மூன்று தலைகளும் ஆட ஆரம்பித்தன. பாப்பம்மாளுக்கு அந்தத் தமிழ் முழுவதும் புரியவில்லை. கட்டில் இல்லை என்பது மட்டும் புரிந்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

அவளுக்குப் பின்னால் போளூர்ப் பெண்கள் நின்றிருந்தார்கள். ராமரைப் பார்க்க வந்த சாக்கில் அவரவர் பொருளையும் வாங்கிப் போக வந்தவர்கள். வேலை முடியாமல் கேட்கக்கூடாது என்று அதுவரை பொறுத்திருந்தார்கள். காரியம் கெட்டுப்போயிற்று, இனி எந்த மானத்தைக் காப்பது?

முதலில் இருளாயி முன்னே வந்தாள். "ஏ பாப்பு, தோட்டைக் கழட்டு," என்றாள். பாப்பம்மாள் கழற்றிக் கொடுத்தாள். இன்னொருத்தி வந்து காப்பை உருவிக்கொண்டாள். கந்தம்மாள் ஒரு பழைய துணியால் அவளை மறைத்து நின்று, கண்டாங்கியை அவிழ்த்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். துணி விலகியபோது, சாயம் போய், முழங்கால் வரை மட்டுமே எட்டுகிற ஒரு துண்டில் பாப்பம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"பசு எங்க வீட்டுது," என்றாள் கந்தம்மாள் கமிட்டியைப் பார்த்து. "கன்னுக்குட்டி எதுத்த வீட்டுது. கடியாரம் ஓடவே ஓடாது. அவ வீட்ல அவளுதுன்னு இருந்தது அடுப்புக் கல்லு மூணுதான்."

தலையாட்டுகிற மூன்று பேரும் எந்தப் பக்கம் ஆட்டுவது என்று தெரியாமல் நிறுத்தினார்கள். குமாரவேலின் முகத்திலோ மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது.

"பார்த்தீர்களா," என்றார். "கேட்டதும் பசு கொடுக்கிறார்கள், தோடு கொடுக்கிறார்கள். இந்த ஊரில் எனக்கு யாராவது ஒரு தோடு கொடுப்பார்களா? உங்களுக்கு? இத்தனை பேர் நம்பிக் கொடுக்கிற செல்வாக்கு உள்ளவள் எப்படி ஏழையாவாள்?"

மூன்று தலைகளும் மறுபடி ஆட ஆரம்பித்தன.

டாக்டர் தமயந்திதான் மெதுவாகக் கேட்டாள். "கோழி யாருடையது?"

"எங்களுதும்மா," என்றாள் இருளாயி. "முட்டை வச்சுக்கிட்டு இருந்த கோழி. ஐயாவுக்காக அடிச்சோம். ரெண்டு தொடையும் அவுகதான் தின்னாக. மூணுவாட்டி சோறு வாங்கினாக. எங்களுக்குச் சந்தோசந்தான்."

"சாப்பிட்டீர்களா?" என்றாள் டாக்டர், குமாரவேலைப் பார்த்து.

"சாப்பிடவில்லை. சோதித்தேன்," என்றார் குமாரவேல்.

"மூன்று தடவையா?"

குமாரவேல் கறுப்பு நோட்டைப் பார்த்தார். டாக்டர் தமயந்தி சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த இருபத்து மூன்று விதிகளில் ஏழாவதை உரக்க வாசித்தாள். மனு போட்டவர் கையால் விசாரிப்பவர் எதையும் வாங்கக்கூடாது. வாங்கினால் அந்த மனுவைப் பொறுத்தவரை அவர் வாய் திறக்கக்கூடாது. டாக்டர் சொல்வதே முடிவு.

"அருமையான விதி," என்றாள். "நீங்கள் எழுதியதுதானே?"

தான் எழுதியதைப் பிறர் வாயால் கேட்கும்போது குமாரவேலுக்கு எப்போதும் ஏற்படுகிற பெருமிதம் அப்போதும் ஏற்பட்டது. "ஒவ்வொரு சொல்லும்," என்றார். சொன்ன பிறகுதான் வாய் திறக்கக்கூடாது என்பது நினைவுக்கு வந்து மூடிக்கொண்டார். அதற்குள் டாக்டர் தாழ்வாரத்தில் இல்லை. அரை மணியில் மூன்றாவது கட்டிலின் விரிப்பு கசங்கிவிட்டது.

கால் பிழைத்தது. கொஞ்சம் கோணல்தான், ஆனால் சொந்தக் கால். இரண்டரை மாதம் கழித்து ஒரு நாள் ராமர் கம்பை ஊன்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தே வந்தான். பாப்பம்மாள் தலையில் ஒரு கூடை. கூடை நிறையப் புதுப் பூண்டு. டாக்டரின் மேசை முன் இறக்கி வைத்துவிட்டு இருவரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த குமாரவேலுக்குக் கண் கலங்கியது. மனிதர் கல் நெஞ்சக்காரர் இல்லை, கம்பளிக்கு இளகியதை முன்பே பார்த்தோம். ராமரின் நடையைப் பார்த்தார், பாப்பம்மாளின் சிரிப்பைப் பார்த்தார், வாழ்க்கையில் முதல் முறையாக முகத்திலிருந்து தொடங்கினார். அப்புறம் கூடையைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரை முழங்கையால் இடித்தார்.

"பூண்டைப் பார்த்தீரா? ஒரு கூடை. நான் அன்றைக்கே சொல்லவில்லை?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன வாரம் உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்குகிற பெண் தலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்தபோது, இவளுக்குப் பூ ஒரு கேடா என்று நினைத்தது யார்? கையேந்தியவனுக்குக் காலணா போட்டுவிட்டு, அவன் டீக்கடைப் பக்கம் போகிறானா என்று திரும்பிப் பார்த்தது யார்? அதெல்லாம் வேறு யாரோ, சரி, விட்டுவிடுவோம். இதற்கு மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். பாப்பம்மாள் கூடையை இறக்கி வைத்தாளே, அந்த ஒரு நொடியில், கூலிக்காரர்களுக்கு இவ்வளவு பூண்டு ஏது என்று உங்களுக்குத் தோன்றவில்லை?

தோன்றியதா? அப்படியானால் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொள்ளுங்கள். குமாரவேலுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது.